பெயர் வாசித்த ஞாயிறுகள்

எங்கள் கோயிலில் காணிக்கை இரண்டு வழியாகப் போகும். ஒன்று பை. சிவப்பு வெல்வெட்டில் தைத்து நீளக் கம்பில் மாட்டிய ஆழமான பை. கையை உள்ளே விட்டு எடுத்தால், போட்டது பத்து ரூபாயா பத்து பைசாவா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இன்னொன்று கவர். பிறந்தநாள், கல்யாண நாள், பரீட்சையில் பாஸான நாள், ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாகத் திரும்பிய நாள் என்று எதற்காவது பெயர் எழுதிக் கொடுத்தால், அறிவிப்பு நேரத்தில் ஐயர், எங்கள் பாதிரியார், அதை வாசிப்பார்: இன்னார் குடும்பத்தார் ஸ்தோத்திர காணிக்கை, ரூபாய் இவ்வளவு. பை சுற்றும்போது பாட்டும் ஆர்மோனியமும் இருமலும் பிள்ளைகள் அழுகையுமாக ஒரே சத்தம். கவர் வாசிக்கும்போது மட்டும் கோயில் அடங்கிவிடும். பிரசங்கத்துக்குக்கூட அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை.

ஊர் நாசரேத்துப் பக்கம், தேரி மணலை ஒட்டிய கிராமம். பனையும் கருப்பட்டியும் போக, ஊரில் பாதிப்பேர் பாம்பேயிலும் மெட்ராசிலும் கடை வைத்திருந்தவர்கள். எண்பதுகளில் கோயிலுக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு பொருளிலும் அவர்கள் பெயர் இருந்தது. பெஞ்சின் முதுகில், சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில், டியூப் லைட் பட்டியில். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் சிவப்புப் பெயின்டில் பெயர் எழுதியிருக்கும். சுற்றும்போது வாசிக்க முடியாது. கரண்ட் போனால்தான் கொடுத்தவர் புகழ் வெளிப்படும் என்று அப்பா சொல்வார்.

கிரியைகளால் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது என்பது எங்கள் சபைகளின் பால பாடம். மார்ட்டின் லுத்தர் 1520இல் நற்கிரியைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். விசுவாசத்திலிருந்துதான் நற்செயல் பிறக்க வேண்டும், பரலோகத்தை விலை பேச அதைச் செய்யக்கூடாது என்று வாதாடினார். அந்த வழியில் வந்தவர்கள் நாங்கள். பரலோகக் கணக்கில் வரவு வைக்க வழியில்லை என்றானபிறகு ஊர்க் கணக்கிலாவது இருக்கட்டும் என்று எங்கள் பெரியவர்கள் நினைத்தார்களோ என்னவோ.

இதில் பெரிய கை பாம்பே அண்ணாச்சி. பெயர் சொல்லவில்லை, அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். அறுப்பின் பண்டிகைக்கும் அசன விருந்துக்கும் வருஷம் தவறாமல் வருவார். பண்டிகை ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் ஏலம். சபையார் படைத்த பூசணிக்காய், வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல், ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி. எல்லாவற்றையும்விட விறுவிறுப்பாகப் போவது கோழிமுட்டைதான். கோயில்பிள்ளை முட்டையை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவ, அண்ணாச்சி நூறு என்பார். எதிரே மெட்ராஸ்காரர் நூற்றைம்பது என்பார். கடைசியில் அண்ணாச்சி எடுத்துக் காசைக் கொடுத்துவிட்டு முட்டையைத் திருப்பித் தருவார். அதே முட்டை மறுபடி ஏலம் போகும். பக்திக்கும் பழைய பங்காளிப் பகைக்கும் நடுவே அந்த முட்டை எப்படி உடையாமல் இருந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். அந்த ஏலக் காசில்தான் கோயில் கூரை மாற்றினார்கள். ஊருக்குள் குடிதண்ணீர்த் தொட்டி வந்தது.

என் பெரியப்பா மகள், அக்கா, நர்சிங் படிக்க இடம் வாங்கியபோது பெரியப்பா பனையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையாக இருந்தார். ஃபீஸ் கட்ட வழியில்லை. சேதி யார் மூலமோ அண்ணாச்சிக்குப் போயிற்று. தருகிறேன் என்று உடனே சொன்னார். பண்டிகை ஞாயிறன்று கோயிலில் வைத்துத் தருவதாக ஏற்பாடு. அக்கா ஐயரம்மாவிடம் ஒரு சேலை வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆசீர்வாதத்துக்கு முன்னால் அவளை ஆல்டர் படியருகே கூப்பிட்டு, அவள் அப்பாவின் நிலைமையையும் வீட்டுக் கஷ்டத்தையும் மைக்கில் விவரித்து, கவரைக் கொடுத்தார்கள். ஸ்டுடியோக்காரர் ஃபிளாஷ் வேலை செய்யவில்லை என்று மறுபடி ஒருதரம் கொடுக்கச் சொன்னார். அந்த போட்டோ பெரியம்மா வீட்டில் வெகுகாலம் இருந்தது. அண்ணாச்சி கேமராவைப் பார்க்கிறார். அக்கா கவரைப் பார்க்கிறாள்.

அன்று ராத்திரி எங்கள் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து யாரிடமென்றில்லாமல் சொன்னாள்: "குடுக்கிறதைக் குடுத்துட்டுப் போவேண்டியதுதானே. வயசுக்கு வந்த புள்ளையை எதுக்கு நடுக்கோயில்ல நிறுத்தணும்?"

ஆச்சிக்கு இந்த விஷயத்தில் பேச உரிமை இருந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பிடியரிசி சேர்ப்பது அவள் பொறுப்பு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை ஆச்சி வீடுவீடாகப் போய் வாங்கி வருவாள். எந்த வீட்டில் எவ்வளவு, எந்த வீட்டில் நொய், எந்த வீட்டில் கலயம் வெறும் கலயமாக இருந்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. வெறும் கலயம் வைத்திருந்த வீட்டுக்கு இருட்டியதும் என் கையில் ஓலைப்பெட்டியைக் கொடுத்து அனுப்புவாள். "புறவாசல் வழியா போ. கூப்பிடாதே. அடுப்படித் திண்டுல வச்சிட்டு வா." அது எங்கள் வீட்டு அரிசி, சங்கத்து அரிசியைத் தொடமாட்டாள்.

இவளைப் புனிதவதியாக்கி நடையில் நிறுத்த எனக்கு உத்தேசமில்லை. அந்த வீட்டுக்காரி மறுநாள் விடியுமுன் வந்து எங்கள் முற்றம் தெளித்துவிட்டுப் போவாள். ஆச்சி அதை வேண்டாம் என்று சொன்னதேயில்லை. கோயிலில் தன் இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்துவிட்டால் ஆராதனை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். ஆனால் வாங்குகிறவர் முகம் எப்போது சுருங்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

திடப்படுத்தல் வகுப்பில் ஐயர் மத்தேயு ஆறாம் அதிகாரம் எடுத்தார். தர்மம் செய்யும்போது மனுஷர் காணச் செய்யாதே, தாரை ஊதாதே, வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்கிற பகுதி. பின்னால் இருந்த ஒரு பையன் எழுந்து, அப்படியானால் நீங்கள் ஏன் ஐயா கவர் வாசிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டான். ஐயர் கோபப்படவில்லை. "வாசிக்கலேன்னா கோயிலுக்கு வெள்ளையடிக்க முடியாது, தம்பி" என்றார். பிறகு அவரே, அதே மலைப்பிரசங்கத்தில் ஒரு அதிகாரம் முன்னால் திருப்பி, உங்கள் நற்கிரியைகளைக் கண்டு மனுஷர் பிதாவை மகிமைப்படுத்தும்படி வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்ற கருத்து வரும் இடத்தைக் காட்டினார். ஒரே பிரசங்கம். ஒரே வாய். அங்கே காணட்டும் என்கிறார், இங்கே காணவேண்டாம் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்தவன்தான் கிறிஸ்தவன் என்று சொல்லி மணியைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்.

நல்ல ஐயர். பிறகொரு நாள் பிலிப்பியர் முதல் அதிகாரத்தையும் சொல்லிக் கொடுத்தார். பவுல் சிறையில் இருக்கிறார். வெளியே சிலர் பொறாமையாலும் போட்டியாலும் சுவிசேஷம் சொல்கிறார்கள். கட்டுண்டு கிடக்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும் என்றே சொல்கிறார்கள். பவுல் அதைத் தெரிந்தேதான் எழுதுகிறார். வஞ்சகமாகவோ உண்மையாகவோ, எப்படியும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே, அதில் எனக்குச் சந்தோஷம் என்கிறார். இதே பவுல்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது, இருந்ததையெல்லாம் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தாலும் அன்பு இல்லையென்றால் பிரயோஜனமில்லை என்கிறார். முரண் மாதிரித் தெரியும். கூர்ந்து பார்த்தால், பிரயோஜனமில்லை என்று சொல்வது கொடுப்பவனுக்கு. சோறு வாங்கினவன் வயிறு நிறைந்தது நிறைந்ததுதான்.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனை இருக்கும். விளக்கைக் குறைத்து, அவரவர் தம்மைச் சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். வாலிப வயதில் அதைத் தீவிரமாகச் செய்கிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. என் நண்பன் ஒருவன் தான் செய்த உதவிக்கெல்லாம் உள்நோக்கம் தேடி நோட்டுப் போட்டு எழுதினான். பெருமைக்காகச் செய்தேனா, பயத்துக்காகவா, அந்தப் பெண் பார்க்கிறாளே என்பதற்காகவா. கொஞ்ச நாளில் அந்த நோட்டையே பெருமையாக எங்களிடம் காட்ட ஆரம்பித்தான். வெங்காயம் உரிக்கிற கதைதான். சுத்தமான நோக்கம் கிடைத்தபிறகுதான் கொடுப்பேன் என்று உட்கார்ந்தால் பெரியப்பா மகளின் அட்மிஷன் தேதி முடிந்துவிடும்.

அப்பா ஒருமுறை எங்களை டோனாவூருக்குக் கூட்டிப்போனார். களக்காட்டுப் பக்கம், மலையடிவாரம். 1901இல் அங்கே வந்த ஏமி கார்மைக்கேல், இந்துக் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்து வளர்த்தவர். அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்தவர் திரும்ப ஊருக்குப் போகவேயில்லை. 1951இல் அங்கேயே இறந்தார். பணம் வேண்டும் என்று யாரிடமும் கேட்பதில்லை என்பது அவர் வைத்திருந்த விதி. தன் கல்லறைக்குக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால், வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் தாயைக் கூப்பிடும் ஒற்றைச் சொல் மட்டும் இருக்கிறது. அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பெயர் வேண்டாம் என்றவர்களைப் பற்றி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

அப்போது அவர் சொல்லாத இரண்டு விஷயங்கள் பின்னால் எனக்குத் தெரியவந்தன. ஒன்று, டோனாவூர் என்ற பெயரே ஒரு நன்கொடையாளரின் பெயர். பிரஷ்யா நாட்டுப் பிரபு டோனா அனுப்பிய பணத்தில் 1820களில் மிஷனரி ரேனியஸ் ஐயர் ஏற்படுத்திய ஊர் அது. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. சாயர்புரம், நிலம் வாங்கிக் கொடுத்த சாமுவேல் சாயர் என்ற வியாபாரியின் பெயரில் நிற்கிறது. மதம் மாறியதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்கள் குடியேற நிலம் வேண்டியிருந்தது. 1830இல் ரேனியஸ் அதற்கென்றே தர்ம சங்கம் தொடங்கினார். துரத்தப்பட்டுக் கைக்குழந்தையோடு வந்து நின்றவளுக்குப் பிரபுவின் உள்நோக்கம் என்ன பொருட்டு? கிணறும் கூரையும் இருந்தன. ஊருக்குப் பெயர் டோனாவூர் என்றார்கள், சரி என்றிருப்பாள். விசிறி இறக்கையில் பெயர் எழுதியவரைப் பார்த்துச் சிரிக்கிற நாங்கள், ஒரு ஊரின் மேலேயே பெயர் எழுதியவரைச் சரித்திரம் என்று படிக்கிறோம்.

இரண்டாவது, ஏமி கார்மைக்கேல் 1909இல் 'லோட்டஸ் பட்ஸ்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். பக்கத்துக்குப் பக்கம் அந்தக் குழந்தைகளின் புகைப்படங்கள், அழகான படங்கள். தன் கல்லறையில் ஒரு கல்கூட வேண்டாம் என்றவர், பிள்ளைகளின் முகங்களைச் சீமையில் அச்சிட்டு விற்கச் சம்மதித்திருக்கிறார். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு மிஷன் புத்தகங்கள் அப்படித்தான் வந்தன, அவர் அந்தப் பிள்ளைகளை நேசித்ததில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆனால் அத்தனை தூய மனசிலும் அடக்கம் என்பது கொடுப்பவரின் அடக்கமாகவே இருந்திருக்கிறது. வாங்குகிறவருக்கும் மறைவு வேண்டும் என்ற யோசனை அவருக்கே வரவில்லை என்றால், பாம்பே அண்ணாச்சியை என்ன சொல்ல?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து வெளியே வரும்போதுதான் சுனாமியாகக் கடல் வந்த சேதி வந்தது. இரண்டொரு நாளில் ஒரு சபையின் வாலிபர் சங்கத்தோடு நானும் வேனில் குளச்சல் பக்கம் போனேன். மணக்குடிப் பாலம் உடைந்து கிடந்தது. கொட்டில்பாட்டில் வீடுகள் இருந்த இடத்தில் மணல் இருந்தது. கரையோர மக்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் சீர்திருத்த சபையார். அந்த வித்தியாசம் அன்றைக்கு யார் நினைவிலும் இல்லை, பேனர் எழுதியவர் நினைவைத் தவிர. சபையின் பெயர், சேகரத்தின் பெயர், தலைவர், செயலாளர் பெயர் எல்லாம் போட்டு எட்டடிக்கு ஒரு பேனர். அதன் ஒரு முனையைப் பிடித்து நின்றவர்களில் நானும் ஒருவன். வீடியோக்காரர் பின்னால் வேறு வண்டியில் வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேரும்வரை அரிசிப் பையை இறக்கவேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. எதற்காக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று எங்களுக்கு முன்னால் வந்துபோன வேன்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன.

தெருவோரத்தில் பழந்துணி மலையாகக் கிடந்தது. ஊரெங்கிலும் இருந்து அனுப்பியது. தொட ஆளில்லை. எங்கள் கூட்டத்தில் வந்த டீச்சர் ஒருவரைக் கரைக்காரப் பெண் ஒருத்தி கையைப் பிடித்துத் தனியே இழுத்துப்போய், "சீலை வேண்டாம் மக்களே, உள்பாவாடை இருந்தா தா. மாத்த ஒண்ணுமில்ல" என்று காதில் சொல்லியிருக்கிறாள். டீச்சர் தலைவரிடம் போகவில்லை. வேனில் இருந்த பெண்களிடம் காசு திரட்டிக்கொண்டு, டிரைவரை அழைத்துப்போய், நாகர்கோவிலில் கடை திறக்கச் சொல்லி உள்பாவாடையும் மாதத் துணியும் மூட்டையாக வாங்கி, இருட்டியபிறகு ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு வந்தார். அவள் யார் யாருக்கு எது என்று பிரித்துக்கொண்டாள். வீடியோவில் இது கிடையாது. டீச்சரின் நோக்கம் தூயதா என்று எனக்குத் தெரியாது. தலைவரைப் பிடிக்காததும் ஒரு காரணமாக இருக்கலாம். டீச்சர் கேட்டார், கேட்டதை வாங்கினார், இருட்டில் கொடுத்தார்.

சுவிசேஷத்தில் ஒரு இடம் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். இடது கைக்குத் தெரியவேண்டாம் என்று சொன்ன அதே இயேசு, மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படிப் பார்த்ததால்தான் அந்த விதவையின் இரண்டு காசு நமக்குத் தெரியவந்தது. ஆனால் அவளைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. சீஷரை அருகே அழைத்து அவர்களிடம்தான் சொல்கிறார். அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். தன்னைப் பற்றிப் பேசினார்கள் என்பதே அவளுக்குத் தெரிந்திராது.

அந்தப் பெட்டி இருந்த எருசலேம் ஆலயத்தைப் பற்றி, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னாவில் ஒரு குறிப்பு உண்டு. தாரை வடிவில் வாய் குறுகிய பதின்மூன்று காணிக்கைப் பெட்டிகள் அங்கே இருந்தன. அவை போக, இரகசிய அறை என்று ஓர் அறையும் இருந்தது. தேவபயம் உள்ளவர்கள் அதற்குள் போய் மறைவாக வைத்துவிட்டு வருவார்கள். நன்றாக வாழ்ந்து நொடித்த குடும்பத்தார் மறைவாக எடுத்துக்கொள்வார்கள். வைத்தவர் யார், எடுத்தவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. நாங்கள் பிரசங்கத்தில் கேட்டதெல்லாம் முதல் பாதி மட்டும். கொடுப்பவனின் ஆத்துமா கெட்டுப்போகாமல் இருக்க மறைவு வேண்டும் என்பார்கள். எடுப்பவனுக்கும் கதவு உண்டு என்று ஒருவரும் பிரசங்கித்ததில்லை. ஐயர்மார் இத்தனை காலம் கொடுப்பவர் நெஞ்சைத்தான் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்த நேரமெல்லாம் ஆல்டர் படியருகே நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா படித்து முடித்து சவூதிக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பினாள். வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறாள். ஐயரம்மா கையில் கொடுத்து, பெயர் வெளியே வரக்கூடாது என்று நிபந்தனை. ஒருநாள் அவளிடம் பாம்பே அண்ணாச்சியைப் பற்றிக் கேட்டேன். "பேருக்காகத்தான் குடுத்தாரு. அது எனக்கு அப்பவே தெரியும். குடுக்காதவங்க எத்தனையோ பேர் நல்ல மனசோட இருந்தாங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்துச் சிரித்துக்கொண்டே, "பேர் சொல்லாம குடுக்கிறதுல ஒரு தனி ருசி இருக்குல தம்பி. யார் குடுத்தாங்களோன்னு நாலு பேர் பேசுறதைப் பக்கத்துல இருந்து கேக்கணும். கவர் வாசிக்கிறதெல்லாம் அதுக்கு உறைபோடக் காணாது" என்றாள்.

இப்போது ஒரு சிறிய கல்வி உதவி நிதியில் நானும் கமிட்டியில் இருக்கிறேன். மேடையில் கூப்பிட்டுக் கொடுப்பதை நிறுத்தவேண்டும் என்று நான் சொன்னபோது பெரிய சண்டை. கொடுப்பவர்களுக்கு என்ன ஊக்கம் இருக்கும் என்று பொருளாளர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பவுலே போட்டிக்காரர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. பல கூட்டங்களுக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். கொடுப்பவர் பெயரை ஆண்டறிக்கையில் அவர் கேட்கிற எழுத்தளவில் போடுவது. வாங்குகிற பிள்ளையின் பெயர் கமிட்டியில் இரண்டு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பணம் நேராகக் கல்லூரி கேஷ் கவுன்டருக்குப் போகும், ரசீது பிள்ளைக்குப் போகும். நன்றிக் கடிதம் கிடையாது, போட்டோ கிடையாது. சிலர் நின்றுவிட்டார்கள். பலர் நிற்கவில்லை.

முதல் அறிக்கை அச்சாகி வந்த வாரம் எனக்கு ஒரு போன். அண்ணாச்சியின் மூத்த மகன், பாம்பேயிலிருந்து. அப்பா நினைவாகக் கொடுத்திருந்தார். "அண்ணே, எல்லாம் சரிதான். அப்பா இனிஷியல் ஒண்ணு விட்டுப்போச்சே" என்றார். அடுத்த அறிக்கையில் இரண்டு இனிஷியலோடு, கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டோம். அந்த வருஷம் அவர் இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டினார்.